சோமலிங்கக் குருக்களின் இடது கை

அப்பா செத்த மறுநாள் சிவரஞ்சினி வேலைக்குப் போனாள். பாரிஸில் தமிழர் கடைத்தெருவான லா சப்பலில் அன்று முழுக்க அதுதான் கதை. பெற்ற தகப்பன் ஆஸ்பத்திரிப் பிணவறையில் கிடக்க, மகள்காரி தலையை வாரிக் கட்டிக்கொண்டு புறநகர் ஸ்தேனிலிருந்து வந்து ரோல்ஸ் சுற்றுகிறாளாம் என்று மரக்கறிக் கடையிலும் நகைக்கடை வாசலிலும் நின்று கதைத்தார்கள். கதைத்தவர்களில் பாதிப் பேர் அவள் சுற்றிய ரோல்ஸைக் கடித்துக்கொண்டேதான் கதைத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவளிடம் நேரே கேட்டிருந்தால் ஒரு வரியில் சொல்லியிருப்பாள். கேட்கிற ஆட்களா இவர்கள்? அவள் வீரசைவ வீட்டுப் பெண். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், மருதவெட்டை ஈசர் கோயிலில் தலைமுறை தலைமுறையாகப் பூசை செய்கிற குடும்பம். கன்னட தேசத்திலிருந்து எந்தக் காலத்திலோ வந்து சேர்ந்தவர்கள் என்று சொல்வார்கள். பூணூல் கிடையாது. ஆணோ பெண்ணோ, பிள்ளை தொட்டிலில் கிடக்கிறபோதே கழுத்தில் ஒரு சின்ன லிங்கத்தைக் கட்டிவிடுவார்கள். அது சாகும்வரை நெஞ்சில் கிடக்கும். தினமும் அதை இடது உள்ளங்கையில் வைத்துப் பூசை செய்த பிறகுதான் வாயில் சோறு படும். செத்தால் எரிப்பதில்லை. அதே இடது கையில் அதே லிங்கத்தை வைத்து, சம்மணம் கட்டி இருக்கிற நிலையில் மண்ணுக்குள் சமாதி வைப்பார்கள். சிவன் கிடக்கிற உடம்புக்கு என்ன தீட்டு என்பது அவர்கள் கணக்கு. ஆகவே செத்தவீட்டுத் துடக்கு என்று முப்பத்தொரு நாள் மூலையில் குந்தியிருக்கிற வழக்கம் அவர்களுக்கு இல்லை. ரஞ்சினியின் அம்மா செத்தது தேர்த் திருவிழாக் காலத்தில். பகல் மனைவியைச் சமாதி வைத்துவிட்டு, பொழுதுபடக் குளித்துப் போய் சோமலிங்கக் குருக்கள் மணி அடித்தார். ஊர் முழுக்க வந்து கும்பிட்டது. ஒருவரும் மூக்கைச் சுழிக்கவில்லை.

கோயிலைத் தம்பி பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுத்தான் குருக்கள் மகளிடம் வந்தார். ஸ்தேனில் ஐந்தாம் மாடி. லிப்ட் வேலை செய்கிற நாட்களில் கீழே இறங்கிப் பூங்காவில் இருப்பார். மகள் இறைச்சி வைத்த கறி ரோல்ஸ் சுற்றுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தபோது ரஞ்சினி பயந்துகொண்டுதான் இருந்தாள். அவர் சிரித்தார். "கை செய்யிறது தொழில் புள்ள. கழுத்துல கிடக்கிறது வேற," என்றார். அதற்குப் பிறகு அவள் நிம்மதியாக வேலைக்குப் போனாள்.

வேலை, கடைக்குக் கீழே நிலவறையில். உருளைக்கிழங்கு அவித்து மசிக்க வேண்டும், வெங்காயம் வதக்க வேண்டும், இறைச்சியைச் சிறிதாக வெட்டிப் பிரட்ட வேண்டும். பிறகு ரொட்டி போல மெல்லிசாக வார்த்தெடுத்து, கறியை வைத்து மடித்துச் சுருட்டி, முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டித் தட்டில் அடுக்க வேண்டும். ரஞ்சினி இறைச்சி வாயில் வைத்தவள் இல்லை. உப்புப் பார்க்கிறது, கூட வேலை செய்கிற கமலராணி. கமலராணி வன்னிக்காரி. வாய் கொஞ்சம் நீளம், மனம் வெள்ளை.

அன்று சனிக்கிழமை. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. கலியாண ஓடர் ஒன்று இருந்ததால் இரண்டு பேரும் நிமிராமல் சுற்றினார்கள்.

"ரஞ்சியக்கா, வீட்டிலை இருந்திருக்கலாமே. நான் சமாளிச்சிருப்பன்," என்றாள் கமலராணி.

"வீட்டில இருந்து என்ன செய்யிறது? வாறவையெல்லாம் என்ர முகத்தைப் பாத்து அழ நினைக்கினம். எனக்கு அழுகை வரேல்ல."

"திங்கட்கிழமை காலமைதானே பெட்டி மூடுறது?"

"ஓம். மூடி நேரே சவக்காலை. எரிக்கிறேல்ல."

"இருத்தி வைக்கிறது எண்டு சொன்னியள். இஞ்சை அது விடுவாங்களே?"

"விடமாட்டாங்கள். பெட்டி கட்டாயம். அப்பாவே முந்திச் சொன்னவர், 'இரிக்கிறதும் படுக்கிறதும் அவங்கட சட்டம் புள்ள, கையில லிங்கம் இரிக்கிறது மட்டும் நம்மட' எண்டு. அது ஒண்டுதான் எனக்கு. அதை வெச்சு அனுப்பிப்போட்டன் எண்டால் காணும்."

கமலராணி கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். ஆறுதலாக ஏதாவது காட்ட வேண்டும் என்று நினைத்திருப்பாள். "இதைப் பாருங்கோ. நீங்கள் ஆஸ்பத்திரியும் வீடுமாய்த் திரிஞ்சதிலை கண்டிருக்கமாட்டியள். உங்கடை இராஜேந்திரன் அத்தான்ரை கோயிலிலை போன பிரதோஷம். புது லிங்கம் வைச்சிருக்கினம். உங்கடை பக்கத்துக் கோயிலின்ரையாம்."

ரஞ்சினி கையுறையைக் கழற்றாமலே குனிந்து பார்த்தாள். சின்ன ஆவுடையாரின் நடுவே முட்டை வடிவில் கறுப்பாக ஒரு லிங்கம். பாலும் தேனும் அதன்மேல் வழிந்துகொண்டிருந்தன. படத்தின் கீழே எழுத்து ஓடியது: 'கிழக்கிலங்கையின் எண்ணூறு ஆண்டுப் பழமை வாய்ந்த மருதவெட்டைத் தலத்திலிருந்து பாரிஸ் மாநகரில் எழுந்தருளியிருக்கும்.' பக்கத்தில், ஐயரின் தட்டில், வெள்ளிச் சிமிழ் ஒன்று திறந்திருந்தது. மூடியில் நந்தி. அந்த நந்தியின் ஒரு கொம்பு மழுங்கியிருந்தது. அவள் பல் முளைக்கிற வயதில் கடித்தது என்று அம்மா சொல்லுவாள். அப்பா எழுபது வருஷத்துக்கு மேல் நெஞ்சில் தொங்கவிட்ட சிமிழ். அதற்குள் லிங்கம் இல்லை. குங்குமம் நிரப்பி வைத்திருந்தார்கள்.

அவள் கையிலிருந்த ரோலை முட்டையில் தோய்த்து, தூளில் புரட்டி, தட்டில் வைத்தாள். பிறகு உறைகளைக் கழற்றிவிட்டுப் படியடியில் போய் நின்று புருஷனுக்குப் போன் அடித்தாள்.

தர்மராசா யாழ்ப்பாணம். ருவாசி விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. கெட்டவன் இல்லை, குடிகாரன் இல்லை. ஆனால் ஒன்றுவிட்ட அண்ணன் இராஜேந்திரன் நில் என்றால் நிற்பான், இரு என்றால் இருப்பான். இராஜேந்திரனுக்கு லா சப்பலில் கடை இரண்டு, கோயில் ஒன்று. கோயிலுக்குத் தலைவர் என்று பெயர், ஆனால் அதையும் கடை மாதிரித்தான் நடத்துகிறார்.

"அப்பாட லிங்கம் எங்க?" என்று கேட்டாள் ரஞ்சினி.

"நான் சொன்னனானெல்லே. ஆஸ்பத்திரிக்காரர் சாமான் பூட்டி வைக்கிற காசிலை பத்திரமாய்க் கிடக்கு. திங்கட்கிழமைதான் அந்த ஒபீஸ் திறப்பாங்கள்."

"நான் கமலராணியின்ர போனில பாத்தன்."

கடையில் நிற்கிறான் போல. ஆரோ விலை கேட்கிறது மட்டும் கேட்டது.

"ரஞ்சி, நீர் கோவப்படாதையும். ஸ்கேனருக்குக் கொண்டுபோகேக்கை கழட்டி ஒரு பையிலை போட்டு என்னட்டைத் தந்தவங்கள். அண்டைக்கு அண்ணை பக்கத்திலை நிண்டவர். இது பெரிய கோயில் லிங்கமடா, மச்சம் மாமிசம் சமைக்கிற வீட்டிலை வைக்கப்படாது, கோயிலிலை குடு எண்டார். நான் ரெண்டு நாளைக்கு எண்டுதான் குடுத்தன். பிறகு கேக்க, ஐயர் பிரதிட்டை செய்துபோட்டாராம்."

"பிறகு ஏன் எனக்குக் காசில கிடக்கெண்டு சொன்னீங்க?"

"உமக்குச் சொன்னால் நீர் சண்டைக்குப் போவீர். அண்ணையோடை எப்பிடி நான்… சரி விடும். கையுக்கை வைக்கிறதுக்கு நான் வேறையொண்டு வாங்கி வைச்சிருக்கிறன். பூசைச் சாமான் கடையிலை. அதே அளவு, அதே கறுப்பு. ஆர் வித்தியாசம் பாக்கப் போகினம்?"

ரஞ்சினி போனை வைத்தாள். படியில் இருந்தாள்.

அப்பா ஆஸ்பத்திரியில் சாப்பிடவில்லை. நுரையீரலில் நீர், இருதயம் பலவீனம் என்றுதான் சேர்த்தார்கள். மருந்து பிடித்தது, நீர் வடிந்தது. ஆனால் சாப்பாட்டுக்கு மட்டும் வாய் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சூப் பிடிக்கவில்லையாக்கும் என்று அவள் வேலை முடிந்து ஓடிப்போய் இடியப்பம் அவித்துக் கொண்டுபோனாள். பால் சோறு குழைத்துக் கொண்டுபோனாள். கரண்டியை வாயடியில் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு இடது கையை விரித்துக் காட்டுவார். வெறுங்கை. "அது எங்க புள்ள?" என்பார். "காசில இரிக்கு அப்பா, வீட்ட போகக்குள்ள தருவாங்க, நீங்க சாப்பிடுங்க," என்பாள். "வந்தாப் பொறகு சாப்பிடுறன்," என்பார். பேத்தி சாம்பவிதான் பகலில் கூட இருந்தாள். 'இன்றைக்கும் சாப்பிடவில்லை' என்று பிரெஞ்சில் ஒவ்வொரு நாளும் செய்தி அனுப்பினாள். தாதிமார் குழாய் போட்டார்கள், அவர் பிடுங்கினார். வயது போனவர், மனம் சோர்ந்துவிட்டார் என்றார்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும்? தெரிந்த ஒருவன் பக்கத்துக் கதிரையில் இருந்து போன் நோண்டிக்கொண்டிருந்தான். அவன் சொன்ன பொய்யை இவள் உண்மை என்று நம்பித் தகப்பனுக்கு ஒவ்வொரு நாளும் ஊட்டியிருக்கிறாள்.

"கமலராணி, மிச்சத்தை நீ பார். நான் கோயிலுக்குப் போறன்," என்றாள்.

"துடக்கோடையா?" என்று கமலராணி கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

கோயில், முன்பு கார் திருத்துகிற இடமாக இருந்தது. ஒரு முற்றத்தைத் தாண்டிப் போனால் இரும்புக் கதவு, அதற்குள் விநாயகரும் முருகனும் அம்மனும். சனிக்கிழமை என்றபடியால் எள்ளெண்ணெய் எரிக்க வந்த ஆட்கள் கொஞ்சப் பேர் நின்றார்கள். இராஜேந்திரன் பட்டு வேட்டியோடு வாசலிலேயே நின்றார். தர்மராசா போனில் சொல்லியிருப்பான். அவளைக் கண்டதும் அவர் இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்தார்.

"பிள்ளை, நில்லும். உமக்குத் துடக்கு. உள்ளை வரக்கூடாது. முப்பத்தொண்டு முடியட்டும், அந்தியேட்டி செய்துபோட்டு வாரும், ஆறுதலாய்க் கதைப்பம்."

"எங்களுக்குத் துடக்கு இல்லை அத்தான். நாங்கள் வீரசைவம்."

"அது உங்கடை ஊரிலை. இது எங்கடை கோயில்."

"கோயில் உங்கட. உள்ளுக்கு இருக்கிறது அப்பாட. அதை எடுத்துத் தாங்கோ, நான் உள்ளுக்கு வரேல்ல. இதிலயே நிக்கிறன்."

இராஜேந்திரன் சிரித்தார். பெரிய மனுஷர்கள் சின்னப் பிள்ளைக்கு விளக்கம் சொல்லத் தொடங்கும்போது சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

"நீர் விளங்காமல் கதைக்கிறீர். எண்ணூறு வருஷத்துக் கோயில் லிங்கம் அது. உம்மடை அப்பா சண்டைக் காலத்திலை பத்திரமாய்க் கொண்டுவந்து, ஆருக்கும் சொல்லாமல் நெஞ்சிலை கட்டி வைச்சிருந்திருக்கிறார். மனுசன் பெரிய காரியம் செய்திருக்கிறார். அதை மண்ணுக்கை தாட்டு விடுறதே? இஞ்சை அவரின்ரை பேரிலை மாபிள் கல்லொண்டு வைப்பம். உபயம், சோமலிங்கக் குருக்கள் குடும்பம். உம்மடை பேரும் போடுவிக்கிறன்."

"அத்தான், கோயில் லிங்கம் கோயிலில இருக்கு. ஆளுயரம். நாலு பேர் சேந்து கட்டிப்பிடிக்கோணும். அதையே அப்பா நெஞ்சில கட்டிக்கொண்டு வந்தவர்? இது அப்பாட சொந்த லிங்கம். அவர் தொட்டிலில கிடக்கக்குள்ள கட்டினது. என்ர கழுத்திலயும் ஒண்டு கிடக்கு. எங்கட ஆக்கள் எல்லார்ர கழுத்திலயும் கிடக்கு. நீங்கள் போட்ட விளம்பரத்துக்கு நான் என்ன செய்யிறது?"

எண்ணெய் எரிக்க வந்தவர்களில் ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார். இராஜேந்திரனின் முகம் மாறியது. பக்தர்களுக்கு முன்னால் ஒரு பொம்பிளை, அதுவும் தம்பி பெண்சாதி, அவருடைய எண்ணூறு வருஷத்தையும் ஒரே மூச்சில் ஊதித் தள்ளிவிட்டாள்.

"சொந்தமோ பந்தமோ, இப்ப பிரதிட்டை செய்தாச்சு," என்றார். குரலில் இருந்த சீனி போய்விட்டது. "ஐயர், சொல்லுங்கோ இவவுக்கு."

ஐயர் முப்பது வயதுப் பிள்ளை. கையில் தீபத் தட்டோடு தயங்கிக்கொண்டு வந்தார். "மருந்து சாத்தியாச்சு அம்மா. அட்டபந்தனம். ஆவுடையாரோடை இறுகியிட்டுது. கிளப்பினால் கோயிலுக்குக் குற்றம். எனக்கு அவையள் கோயில் லிங்கம் எண்டுதான் சொன்னவை."

"சிமிழைக் குங்குமத்துக்கு எடுத்ததும் அவை சொல்லித்தானோ?"

ஐயர் தீபத்தின் திரியைத் தூண்டினார்.

"உந்தப் பண்டாரக் குடும்பத்திலை கலியாணம் முடிக்காதையெண்டு அண்டைக்கே தர்மனுக்குச் சொன்னனான்," என்றார் இராஜேந்திரன், அவளைப் பார்க்காமல், நிற்கிறவர்களைப் பார்த்து. "பூ கட்டுற சாதி. அதுகளுக்குத் துடக்கும் இல்லை, துப்பரவும் இல்லை. இறைச்சி அளைஞ்ச கையோடை கோயிலுக்குள்ளை வர நிக்குது."

இந்த மாதிரி வார்த்தையை அவள் இருபது வருஷமாகக் கேட்டிருக்கிறாள். நேரே இல்லை, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. நேரே கேட்டது இன்றுதான்.

தர்மராசா அப்போதுதான் முற்றத்தில் ஓடிவந்தான். மழையில் தலை நனைந்திருந்தது. வந்ததும் அவள் முழங்கையைப் பிடித்தான். "ரஞ்சி, வாரும், வீட்டை போவம். சனம் பாக்குது."

"பாக்கட்டும். உங்களிட்ட ஒண்டு கேக்கிறன், எல்லாருக்கும் முன்னால சொல்லுங்கோ. அப்பா ஏன் சாப்பிடேல்ல?"

"இப்ப ஏன் அது?"

"அவர் லிங்கத்தைக் கையில வெச்சுக் கும்பிடாமல் ஒருநாளும் சாப்பிடமாட்டார் எண்டு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா? எங்கட வீட்டில எத்தினை வருஷம் பாத்தனீங்கள்? நான் இடியப்பத்தோட நிண்டு கெஞ்சக்குள்ள நீங்கள் பக்கத்துக் கதிரையில இருந்தனீங்கள். தெரியுமா, தெரியாதா?"

அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் கோயில் மணியைப் பார்த்தார்.

"தெரியும்," என்றான் தர்மராசா. "ரெண்டொரு நாளிலை பசிக்கச் சாப்பிடுவார் எண்டு நினைச்சன்."

ரஞ்சினி அவன் கையை எடுத்துவிட்டாள். செருப்பைக் கழற்றினாள். இராஜேந்திரன் விரித்த கைக்குக் கீழாகக் குனிந்து உள்ளே போனாள். அவர் பிடிக்கப் பார்த்தார். பிடித்தால் துடக்குப் படுமே, பட்டு வேட்டி வேறு, கை பாதியில் நின்றது. அவருடைய நம்பிக்கையே அவரைக் கட்டிப்போட்டது. "வெளியிலை வாரும்," என்று கத்தினார். "பொலிசைக் கூப்பிடுவன்."

"கூப்பிடுங்கோ. செத்தவர்ர சாமானை ஆர் எடுத்து வெச்சிருக்கிறது எண்டு அவங்களுக்கும் சொல்லுவம்."

அம்மன் சந்நிதிக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன ஆவுடையார் இருந்தது. பூவை எல்லாம் விலக்கினாள். லிங்கத்தின் அடியைச் சுற்றி மருந்து கல்லுப் போல இறுகியிருந்தது. நகத்தால் நெம்பினாள். நகம் மடிந்தது. அரக்கும் மெழுகும் குங்கிலியமும் சேர்த்து இடிக்கிற மருந்து அது. ஊரில் பழைய மருந்தைக் கழற்றுகிறபோது அப்பா நெருப்புச் சட்டி காட்டுவதைக் கண்டிருக்கிறாள். ஐயரின் கையிலிருந்த தீபத்தை வாங்கினாள். ஐயர் கொடுத்தார். பிடுங்கினாள் என்று பிற்பாடு கதைத்தார்கள், அது பொய். கொடுத்துவிட்டு மூன்றடி தள்ளிப்போய் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

சுடரைச் சாய்த்து அடியைச் சுற்றிப் பிடித்தாள். மருந்து மினுங்கத் தொடங்கியது, பிறகு நெகிழ்ந்தது. விரல் சுட்டது. எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் காலம் தள்ளுகிற விரல், தாங்கியது. வாசலில் ஒரு சனம் சேர்ந்துவிட்டது. "பாவம்" என்றது ஒரு குரல், "அநியாயம்" என்றது ஒரு குரல், எது யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. திருகி இழுக்க, லிங்கம் கழன்று கைக்குள் வந்தது. அடியில் மருந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு சிமிழை எடுத்தாள். குங்குமத்தை இராஜேந்திரனின் உண்டியலுக்கு மேலே கொட்டினாள். ஆத்திரத்தில் செய்தது அது ஒன்றுதான், அதற்காக அவள் இன்றுவரை வருத்தப்படவில்லை.

திங்கட்கிழமை காலை பிணவறைக்கு நாலு பேர்தான் போனார்கள். ரஞ்சினி, சாம்பவி, கமலராணி, தர்மராசா. தர்மராசாவை அவள் வரச் சொல்லவில்லை, வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. இரண்டு நாளும் வீட்டில் அவனோடு ஒரு சொல் பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள்.

குருக்களை வெள்ளை வேட்டி உடுத்திக் கிடத்தியிருந்தார்கள். கன்னம் ஒட்டி, தோள் எலும்பு துருத்தி, ஆள் பாதியாகியிருந்தார். பெட்டி மூடுகிறவர் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பிரெஞ்சுக்காரர். மரியாதையான மனிதர், சுவரோடு ஒதுங்கி நின்றார். ரஞ்சினி வெந்நீரில் துவாயை நனைத்து அப்பாவின் இடது கையைச் சுற்றிப் பிடித்தாள். விறைத்த விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். லிங்கத்தை உள்ளங்கையில் வைத்து, விபூதி பூசி, ஒரு வில்வ இலை வைத்து, தண்ணீர் ஒரு சொட்டு விட்டாள். மந்திரம் அவளுக்குத் தெரியும். தகப்பன் படிப்பித்தது. சத்தம் வராமல் சொன்னாள். பிறகு விரல்களை மடித்து, லிங்கம் விழாமல் நூலால் கட்டினாள்.

"அப்பா, பூசை முடிஞ்சிது," என்றாள்.

பைக்குள்ளிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்தபோது ஆவி வந்தது. குழையக் காய்ச்சிய பால் சோறு. கரண்டியை அதில் போட்டு, அப்படியே புருஷனிடம் நீட்டினாள். தர்மராசா வாய்க்கரிசி போடச் சொல்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும், மருமகன் என்று ஒரு உரிமை தந்துவிட்டாள் என்றும் நினைத்திருக்கலாம். கண் கலங்கி, வலது கையை விரித்தான்.

"அரிசி இல்ல. சோறு," என்றாள் ரஞ்சினி. "வந்தாப் பொறகு சாப்பிடுறன் எண்டவர். இப்ப வந்திட்டுது. குடுங்கோ."

"ரஞ்சி, மூடின வாய்க்கை எப்பிடி…"

"நானும் மூடின வாய்க்கு முன்னாலதான் கரண்டியோட நிண்டன். ஒவ்வொரு நாளும். நீங்கள் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள். குடுங்கோ."

கமலராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கறுப்புக் கோட்டுக்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார். சாம்பவி அவரிடம் பிரெஞ்சில் ஒரு நிமிஷம் கேட்டாள். பிறகு தகப்பன் பக்கம் திரும்பி, ஒருநாளும் அவனோடு முழுசாகப் பேசாத தமிழில், "குடுங்கோ அப்பா," என்றாள்.

தர்மராசா கரண்டியை எடுத்தான். குனிந்தான். சோறு அந்த உதட்டில் பட்டு, உள்ளே போக வழியில்லாமல், தாடியில் வழிந்து கழுத்தடியில் விழுந்தது. அவன் கரண்டியைத் திருப்பி நீட்டினான். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

ரஞ்சினி அதை வாங்கவில்லை. டப்பாவை அவன் கைக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பிடித்தாள்.

"இன்னொருக்கா," என்றாள்.